இருபது ரைம்ஸ் தெரிகிறது, 'தண்ணி' கேட்கத் தெரியவில்லை

கேள்வி: நாங்கள் பள்ளத்தூரில் இருக்கிறோம். என் மகனுக்கு 2 வயது 4 மாதம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், வீட்டில் நானும் மாமியாரும் பையனும்தான். சோறு ஊட்டும்போது போனில் ரைம்ஸ் போட்டுக் காட்டிப் பழக்கிவிட்டேன். இப்போது இருபதுக்கு மேல் இங்கிலீஷ் ரைம்ஸ் பாடுகிறான், ஏ முதல் இசட் வரை சொல்கிறான். ஆனால் தாகம் எடுத்தால் என் கையைப் பிடித்துக் குடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறானே தவிர, 'தண்ணி' என்று கேட்பதில்லை. அம்மா, 'பத்தா' (அப்பத்தாவைத்தான்), மம்மு, போ என்று மொத்தம் பத்துச் சொல் இருக்கும். மாமியாரிடம் சொன்னால், "ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும், அவங்க அப்பச்சி நாலு வயசுலதான் வாயைத் தொறந்தான்" என்கிறார் (எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம்). ரைம்ஸ் பாடினால் பேச்சு வரும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, இவனுக்கு ஏன் வரவில்லை? இன்னும் நிறையப் போட்டுக் காட்டவா? ரைம்ஸ் வகுப்பில் சேர்க்கவா?

பதில்: இன்னும் போட்டுக் காட்ட வேண்டாம். வகுப்புக்குப் பணம் கட்டவும் வேண்டாம். முதல் வேலையாகப் பையனுக்குக் காது பரிசோதனை செய்துவிடுங்கள், இந்த மாதமே. ஏன் என்று பிறகு வருகிறேன்.

காரைக்குடியில் ஸ்பீச் தெரபிஸ்டாக 18 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், இந்தக் கேள்வியை வேறு வேறு வாயால் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இத்தனை பாட்டுத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு சொல் கேட்கத் தெரியாதா என்று. தெரியாமல் இருக்கலாம். அர்த்தம் தெரியாமல் சின்ன வயதில் நாம் சுலோகம் ஒப்பித்தோமே, அது மாதிரி உங்கள் பையன் ஒவ்வொரு பாட்டையும் ஒரே நீளமான சத்தமாக வைத்திருக்கிறான். நடுவில் நிறுத்தி 'நாலாவது சொல் என்ன' என்று கேட்டால் நாமும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துத்தான் சொல்வோம், இல்லையா? அவனுக்கு 'வாட்டர்' என்ற சத்தம்கூட ஏதோ ஒரு பாட்டின் நடுவில் கிடக்கலாம், ஆனால் அது குடத்தில் இருக்கிற தண்ணீர் என்று யாரும் அவனுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுக்கவில்லை.

இன்னொன்று, போன் பாட்டில் அவனுக்கென்று ஓர் இடமே கிடையாது. அவன் பாடினாலும் ஓடும், பாடாவிட்டாலும் ஓடும், அவன் தூங்கிப் போனாலும் அடுத்த பாட்டு தானாக வந்து நிற்கும். பேச்சு பல்லாங்குழி மாதிரி. நான் அள்ளிப் போட்டு முடித்த பிறகு நீ கை வைக்க வேண்டும், நீ முடிக்கும்வரை நான் சும்மா இருக்க வேண்டும். ஒருத்தரே எல்லாக் குழியும் ஆடிக்கொண்டிருந்தால் எதிரில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை வேடிக்கை பார்க்கும், அவ்வளவுதான். பேச்சுக்கு உதவுகிறது என்று நாங்கள் சொல்கிற பாட்டு, நடுவில் ஒரு குழியைக் குழந்தைக்கு விட்டுவைக்கிற பாட்டு.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் தேவகோட்டையிலிருந்து இரண்டரை வயதுப் பெண் பிள்ளை ஒன்று வந்தது, கூட வந்தவர் அதன் ஆயா, அதாவது அம்மாவைப் பெற்றவர். அறைக்குள் வந்ததும் பிள்ளை அழுகிறது, சமாதானப்படுத்த அந்த ஆச்சி தரையில் உட்கார்ந்து அதன் உள்ளங்கையை விரித்துப் பருப்புக் கடைய ஆரம்பித்தார். நமக்கெல்லாம் தெரிந்த விளையாட்டுத்தான், முழங்கையால் கடைந்து, விரல் விரலாக ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, கடைசியில் நண்டும் நரியும் கை வழியே அக்குள் வரைக்கும் ஊர்ந்து போகும். மூன்று முறை நடந்தது, மூன்று முறையும் பிள்ளை சிரித்தது. நாலாவது முறை நண்டு முழங்கையைத் தாண்டியதும், "ஆச்சி, அப்படியே நிறுத்துங்க" என்றேன். விரல் நின்றது. பிள்ளை விரலைப் பார்த்தது, ஆயா முகத்தைப் பார்த்தது, கூச்சத்துக்குத் தயாராகத் தோளை ஏற்றி வைத்துக்கொண்டது. ஒன்றும் நடக்கவில்லை. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறேன், ஐந்து, ஆறு. ஆச்சிக்குப் பொறுக்கவில்லை, வாயைத் திறக்கப் போனார், கையைக் காட்டித் தடுத்தேன். எட்டு எண்ணும்போது பிள்ளை அந்த விரலைத் தன் கையால் பிடித்து மேலே தள்ளி "ஊது" என்றது. நண்டு ஊர்ந்தது. அடுத்த முறை நாலு எண்ணுவதற்குள் "ஊது" வந்துவிட்டது. 'ஊருது' என்பதில் 'ர' விழுந்துவிட்டதே என்று ஆச்சிக்குக் கவலை. இரண்டரை வயதில் ர, ழ, ள எல்லாம் சுத்தமாக வராவிட்டால் குற்றமே இல்லை.

அந்த எட்டு எண்ணிக்கைதான் மருந்து. பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்ணுவதற்குள் தாங்களே சொல்லிவிடுகிறோம்.

சரி, அப்படியானால் பாட்டு எதற்கு, சும்மா பேசினால் போதாதா? சும்மா பேசும் பேச்சில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இடைவெளி கிடையாது, எழுத்தில்தான் உண்டு. தெரியாத மொழி பேசுகிற ஊருக்குப் போய் நின்று பாருங்கள், எங்கே ஒரு சொல் முடிகிறது என்றே பிடிபடாது. பச்சைக் குழந்தைக்குத் தமிழும் அப்படித்தான். பாட்டின் தாளம் அங்கே ஒரு கைப்பிடி கொடுக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 50 குழந்தைகளை 4, 7, 11 மாத வயதில், ஓர் ஆசிரியை 18 மழலைப் பாட்டுகள் பாடுவதைப் பார்க்கவைத்து மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள், 2023இல் வெளியான ஆய்வு. ப, ம மாதிரித் தனித்தனி ஒலிகள் மூளையில் நம்பும்படியாகத் தெரிய ஆரம்பிப்பதே 7 மாத வாக்கில்தான், அதுவும் மெதுவாக. சொற்களைப் பிரித்து எடுக்கக் குழந்தைக்கு முதலில் கைகொடுப்பது தாளம் என்பதுதான் அந்த ஆய்வுக்காரர்களின் கருத்து. (அவர்கள் காட்டியது வீடியோதான். மூளை எதைக் கேட்கிறது என்று அளப்பதற்காக. அதனால் வீடியோ போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.) நம் வீட்டு ஆச்சிமார்கள் மாமன் சீரையெல்லாம் வரிசையாக அடுக்கி அரை மணி நேரம் தாலாட்டுப் பாடியபோது அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது, ஆனால் காது வேலை செய்துகொண்டிருந்தது.

வீடியோ ஏன் போதாது என்பதற்கும் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. அமெரிக்காவில் 9 மாதக் குழந்தைகளில் ஒரு பகுதிக்கு ஆள் நேரில் உட்கார்ந்து சீன மொழியில் பேசி விளையாடினார்கள், இன்னொரு பகுதிக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, திரையில். 12 முறை. நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன, திரையில் பார்த்தவை ஒன்றும் பிடிக்கவில்லை. இது 2003இல் வந்தது.

உங்கள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாத் திரையும் ஒன்றில்லை. 24 முதல் 30 மாதக் குழந்தைகளை வைத்து, அதாவது உங்கள் பையன் வயதுதான், 2014இல் வெளியான ஓர் ஆய்வில், வீடியோ காலில் எதிரே இருப்பவர் குழந்தைக்குப் பதில் சொல்லிப் பேசினால் புதிய சொல்லைக் குழந்தைகள் கற்றுக்கொண்டன, பதிவு செய்த வீடியோவில் கற்றுக்கொள்ளவில்லை. அப்பச்சி காத்திருந்து பதில் சொல்கிறார், பதிவு காத்திருக்காது. ஆகவே ராத்திரி போன் வரும்போது "அப்பச்சிக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்று பையனை மேடையேற்றாதீர்கள். அப்பச்சி முகத்தை மூடி 'காணோம்' என்று சொல்லிக் காத்திருக்கட்டும், பாட்டில் பாதி வரி பாடி வாயைத் திறந்தபடி நிற்கட்டும். வந்த விருந்தாளிக்கெல்லாம் ஒப்பிக்கச் சொல்வதையும் விட்டுவிடுங்கள், அது எனக்குச் சொந்தமாகவே ஓர் எரிச்சல், பிள்ளையைக் கல்யாண வீட்டு ரேடியோ மாதிரி ஆக்கிவிடுகிறோம்.

சாப்பாட்டு நேரப் போனை எடுத்துவிடுங்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் சொன்னது இதுதான்: 2 வயது வரை, சொந்தக்காரர்களோடு பேசும் வீடியோ காலைத் தவிர, திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், அதுவும் பெரியவர்கள் கூட இருந்து. சில நாள் அழுவான், ஒரு வேளை குறைச்சலாகச் சாப்பிடுவான். முகப்பில் உட்கார்ந்து தெருவைக் காட்டி ஊட்டுங்கள். அந்தக் காலத்தில் வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், இருபது பேர் நடமாடுவார்கள், பிள்ளை ஒன்று சொன்னால் நாலு பேர் திரும்புவார்கள். இப்போது அவ்வளவு பெரிய வீட்டில் இரண்டு பெரியவர்களும் ஒரு போனும். போன்தான் அதிகம் பேசுகிறது.

இருபது பாட்டு வேண்டாம், மூன்று போதும். குளிக்க ஒன்று, கையை வைத்து விளையாட ஒன்று, படுக்கும்போது ஒன்று. எதிரும் புதிருமாக, அவன் கண் உயரத்தில் உட்காருங்கள். போனில் வருகிற வேகத்தில் பாதி வேகம். நாலைந்து நாள் முழுசாகப் பாடுங்கள், பாட்டு அவனுக்குப் பழகட்டும். அப்புறம் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தி, புருவத்தைத் தூக்கி, மனசுக்குள் எட்டு எண்ணுங்கள். 'சொல்லு, சொல்லு' என்று கேட்காதீர்கள். அவன் பார்த்தாலே அது ஒரு முறை ஆட்டம். கையை ஆட்டினால், 'ஊ' என்று சத்தம் கொடுத்தால், எல்லாமே கணக்கு. கொடுத்தவுடன் பாட்டை ஓட்டுங்கள். எட்டு எண்ணியும் வராவிட்டால் சிரித்துக்கொண்டே நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள், அது தோல்வி இல்லை.

எந்தப் பாட்டு என்று கேட்பீர்கள். பாட்டை விட்டு வெளியே எடுத்துப் புழங்குகிற மாதிரிச் சொல் இருக்கிற பாட்டு. வானத்து வைரம் மாதிரி மினுங்கும் நட்சத்திரம் நல்ல பாட்டுத்தான், ஆனால் பள்ளத்தூர் வளவில் ஒரு நாளைக்கு எத்தனை முறை வைரத்தைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்? நிலாவைக் கூப்பிடுகிற நம் பழைய பாட்டில் ஒவ்வொரு வரியும் 'வா' என்று முடியும். அந்த 'வா'வைப் பையன் பிடித்துவிட்டால் பூனையைக் கூப்பிடலாம், காக்கையைக் கூப்பிடலாம், 'பத்தா வா' என்று அப்பத்தாவைக் கூப்பிடலாம். 'பத்தா வா' என்று சொன்ன நிமிஷம் இரண்டு சொல் சேர்ந்துவிட்டது, கவனியுங்கள்.

பாட்டு இல்லையென்றால் நீங்களே கட்டுங்கள். குளிக்க வைக்கும்போது இந்த மாதிரி:

தண்ணி தண்ணி ஊத்து
தலையில கொஞ்சம் ஊத்து
முதுகுல கொஞ்சம் ஊத்து
முட்டியில கொஞ்சம் ஊத்து

கவிதை இல்லைதான், பையன் குறை சொல்ல மாட்டான். த-வுக்குத் த, மு-வுக்கு மு என்று மோனை தானாக வந்து விழுந்திருக்கிறது, 'ஊத்து' ஒவ்வொரு வரியிலும் அதே இடத்தில் நிற்கிறது. ஒரு வாரம் கழித்துச் செம்பை அவன் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "முதுகுல கொஞ்சம்..." என்று நிறுத்துங்கள். செம்பு காற்றில் நிற்கட்டும். அவன் நிமிர்ந்து பார்ப்பான். 'ஊ' என்றாலும் ஊற்றுங்கள். இன்னும் கொஞ்ச நாளில் செடிக்கு ஊற்றும்போதும் அதே சொல், டம்ளரில் ஊற்றும்போதும் அதே சொல், குடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்போது நீங்கள் "தண்ணி..." என்று சொல்லிவிட்டு மொள்ளாமல் நில்லுங்கள். குடத்தடியில் வேலை நடக்கும்.

இங்கிலீஷ் பாட்டைக் கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் உங்களுக்குச் சிரிப்பும் கோபமும் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் பாடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு ரைம்ஸ் தேவை என்பதும் உண்மைதான், நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. இங்கிலாந்தில் 1980களில் 64 பிள்ளைகளை 3 வயது 4 மாதத்திலிருந்து 6 வயது தாண்டும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று வயதில் மழலைப் பாட்டு நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் பின்னால் ஒலிகளைப் பிரித்துக் கேட்பதிலும், அதன் வழியாகப் படிப்பதிலும் முன்னால் இருந்தார்கள், குடும்ப வசதியையும் பிள்ளையின் அறிவுத்திறனையும் கழித்துப் பார்த்த பிறகும். ஒரே மாதிரி முடிகிற சொற்களைக் காது கண்டுபிடிப்பதுதான் காரணம். இங்கிலீஷ் பாட்டு பெரும்பாலும் கடைசியில் ஒத்துப்போகும், தமிழில் முதல் எழுத்தில் மோனை, இரண்டாம் எழுத்தில் எதுகை, கடைசியில் இயைபு என்று மூன்று இடத்திலும் மணி அடிக்கும். இந்த விஷயத்தில் நம் பக்கத்துக்குப் பஞ்சமே இல்லை, குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்தது இராயவரத்தில்தானே. அவர் பாட்டெல்லாம் மூன்று வயதுக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள், இப்போது அவனுக்கு நீளம்.

இனி காது. இந்த வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம் ஒரு தப்புப் பண்ணினேன். மூன்று வயதுப் பையன், பேச்சு குறைவு, ஆனால் எந்தப் பாட்டைப் போட்டாலும் ராகம் பிசகாமல் கூடவே பாடுவான். காதில் கோளாறு இருந்தால் ராகம் வருமா என்று நினைத்து, பரிசோதனைக்கு அனுப்பாமல் வீட்டுப் பயிற்சி மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். ஏழு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, உயர்ந்த சுருதி ஒலிகள் அவனுக்குக் கேட்கவே இல்லை. ராகமும் அ, ஆ, ஊ மாதிரி உயிரொலிகளும் தாழ்ந்த சுருதியில் இருப்பவை, அவை கேட்கும். ச, ஸ, த, க போன்றவற்றின் கூர்மை மேலே இருக்கிறது, அது போய்விடும். அவன் பாடியதை நான் ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் அதில் மெய்யெழுத்தே இல்லை என்று அன்றைக்கே தெரிந்திருக்கும், வெறும் ஆ-ஊ-ஆ. அந்த ஏழு மாதத்தை அவனுக்கு நான் திருப்பிக் கொடுக்க முடியாது.

அதனால் உங்கள் பையன் பாடும்போது கவனியுங்கள், சொற்கள் வருகிறதா, மெட்டு மட்டும் வருகிறதா. சொற்கள் தெளிவாக வந்தாலும் பரிசோதனையை விடாதீர்கள். டிவி சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பது போதாது. சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டினாலும் கேட்பது மங்கும், வலி இருக்காது, நமக்குத் தெரியாது. முதல் பரிசோதனை காதில் சின்ன மொட்டு மாதிரி ஒன்றை வைத்துச் சில நிமிஷத்தில் முடிந்துவிடும், தேவைப்பட்டால் தூங்கும்போது செய்கிற பெரா (BERA) பரிசோதனை, காதில் விழும் சத்தம் மூளை வரை போகிறதா என்று பார்ப்பது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள், அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வரும் பள்ளிச் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம்.

மாமியார் சொல்வதற்கு வருகிறேன், அவர் மனசு நோகாமல். ஆண் பிள்ளைகள் சராசரியாகக் கொஞ்சம் பிந்துவது உண்மை. அது சில வாரம், ஒன்றிரண்டு மாதக் கணக்கு, வருஷக் கணக்கு இல்லை. 2 வயதில் ஏறக்குறைய 50 சொல்லும், இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதும் எதிர்பார்க்கிறோம். பாட்டில் வருகிற சொல்லை இதில் சேர்க்கக் கூடாது, தானாக, தேவைக்குச் சொல்வதை மட்டும் எண்ண வேண்டும். அப்படிப் பார்த்தால் 28 மாதத்தில் பத்து என்பது நேரில் பார்க்க வேண்டிய கணக்கு. அப்பச்சி நாலு வயதில் பேசினார் என்பதை நீங்கள் இருவரும் நிம்மதிக்காகச் சொல்லிக்கொள்கிறீர்கள், எங்களுக்கு அது சீக்கிரம் பார்க்கச் சொல்கிற தகவல், ஏனென்றால் பேச்சுத் தாமதம் குடும்பத்தில் ஓடக்கூடியது.

கையைப் பிடித்து இழுத்துப் போகிறான் என்றீர்களே, அப்போது உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? விமானம் போனால் விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறானா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? முன்பு சொல்லிக்கொண்டிருந்த சொல் ஏதாவது நின்றுபோய்விட்டதா? கடிதத்தை வைத்து நான் எந்தப் பெயரும் சூட்ட மாட்டேன். ஆனால் முதல் மூன்றில் எதற்காவது 'இல்லை' என்றால், அல்லது கடைசிக்கு 'ஆமாம்' என்றால், காதோடு சேர்த்துக் குழந்தை வளர்ச்சி பார்க்கிற மருத்துவரிடமும் போய்விடுங்கள், என்னிடம் தேதி கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வரும்போது இரண்டு சின்ன வீடியோ எடுத்து வாருங்கள், போன் அதற்காவது உதவட்டும். ஒன்று அவன் தனியாக விளையாடுவது, இன்னொன்று செம்பைத் தூக்கிப் பிடித்து நீங்கள் காத்திருப்பது. காலையில், சாப்பிட்டுத் தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்து வாருங்கள். மாமியாரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள், அவர்கள் பாடுகிற தாலாட்டு எனக்கும் வேண்டும், அடுத்து வருகிற பிள்ளைக்கு ஆகும்.